கழுத்துத் துண்டு

"போதும், நிறுத்து!" என்றார் தைலம்மை ஆச்சி.

எதிரே நின்ற கோகிலவாணி பாதிப் பேச்சில் நின்றாள். அப்போதுதான் அவள் கண் கலங்க ஆரம்பித்திருந்தது. ஆச்சிக்கு அதைப் பார்க்கப் பார்க்க எரிச்சல்தான் கூடியது. அழுவதற்குக்கூட ஒத்திகை பார்த்துவிட்டு வந்திருக்கிறாள்!

ஆச்சியின் மாமனார் மலேசியாவின் சிரம்பானில் வட்டிக்கடை வைத்துச் சம்பாதித்தவர். கண்ணை மூடும்போது ஒரு பங்கை அறக்கட்டளையாக எழுதிவைத்தார். சமூகப்பணியில் முதுகலை படிக்கும் ரப்பர் தோட்டத்துப் பிள்ளை ஒருவருக்கு வருடாவருடம் படிப்புச் செலவு அதிலிருந்துதான் போகிறது.

அதற்கு மனு, சான்றிதழ் என்று எதுவும் கிடையாது. தோட்டத்துக் கோயில் மண்டபத்தில், அம்மனுக்கு முன்னால் நின்று வாயால் சொல்ல வேண்டும். மாமனார் முகத்தைப் பார்த்தே கடன் கொடுத்தவர். அந்தக் கண் தனக்கும் வாய்த்திருப்பதாக ஆச்சிக்கு ஏகப் பெருமை.

"மிச்சத்த நான் சொல்லட்டுமா? அப்பா குடிச்சிட்டு வந்து, ரப்பர்பால் உறைய வைக்கிற ஆசிட்ட அம்மா கழுத்துல ஊத்துனாரு. அம்மா ஆஸ்பத்திரியில 'நானேதான் தடுக்கி விழுந்து கொட்டிக்கிட்டேன்'னு சொல்லிட்டாங்க. அன்னையிலேர்ந்து கழுத்துல துண்டு சுத்தாம வெளிய வர்றதில்ல. அதானே?"

"ஆமாங்க ஆச்சி. ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"போன வருசமே கேட்டாச்சு லா!"

ஆச்சி பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார். அங்கே லோகேஸ்வரி உட்கார்ந்திருந்தாள். போன வருடம் இதே மண்டபத்தில் இதே கதையைச் சொல்லி உதவி வாங்கியவள். அன்றைக்கு ஆச்சி அழுத அழுகை கொஞ்சமில்லை. பாரோயிலும் சிரம்பானிலும் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் அந்தத் துண்டுக் கதையைச் சொல்லாமல் அவருக்குச் சாப்பாடு இறங்கியதில்லை. இந்த வருடம் ஆள் தேர்ந்தெடுக்கத் துணைக்கு அவளையே அழைத்து வந்திருந்தார்.

"பாத்தியா லோகேஸ்வரி? ஒன் கதைய ஒனக்கு எதிர்லயே ஒப்பிக்கிறா!"

லோகேஸ்வரி தலையை நிமிர்த்தவில்லை. "தோட்டத்துல ஒரு வீட்டு விசயம் நாலு வீட்டுக்குத் தெரிஞ்சுதான் இருக்கும் ஆச்சி. யார்கிட்டயாவது கேட்டிருப்பாங்க. பாவம், விட்டுடுங்க."

தன் கதையைத் திருடியவளுக்காகப் பரிந்து பேசுகிறாளே! ஆச்சிக்கு மனசு உருகிவிட்டது. அந்த உருக்கம் கோகிலவாணியின் பக்கம் திரும்பும்போது கோபமாக மாறியது.

"இவ மனச பாரு. நீயும் இருக்கியே!"

"ஆச்சி, சத்தியமா இது எங்க வீட்டுக் கதைங்க. டாக்டருக்குப் படிக்கிறவங்களுக்கு, என்ஜினியருக்குப் படிக்கிறவங்களுக்குன்னா எங்கயும் குடுக்கிறாங்க. இந்தப் படிப்புக்குன்னா யாரும் தரமாட்டேங்கிறாங்க. டிகிரிக்கு வாங்குன கடனே இன்னும் அடையல. களப்பயிற்சிக்குச் சம்பளம் கிடையாது. அதுக்கு முழு நாளும் போகணும், வேற வேலையும் பாக்க முடியாது. வெள்ளிக்கிழமைக்குள்ள பீஸ் கட்டலன்னா எடம் போயிடும்."

"அதுக்கு? பொய் சொல்லலாமா?"

"அம்மா வெளியதாங்க நிக்கிறாங்க. கூப்பிடட்டுமா?"

"சாட்சிக்கு ஆள் வேற கூட்டிக்கிட்டு வந்திருக்கியா? வேணாம். ஒன் மூஞ்சிய பாத்தாலே போதும்."

கோகிலவாணி அம்மன் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். பிறகு கும்பிடாமலே வெளியே போனாள். அதையும் ஆச்சி மனசில் குறித்துக்கொண்டார். குற்றமுள்ள நெஞ்சு, சாமியைக் கும்பிட எப்படிக் கை வரும்?

"அடுத்தவ கண்ணீர எடுத்துத் தன் மூஞ்சில பூசிக்கிறவ, நாளைக்கு யாருக்கு என்ன சேவை செஞ்சிடப் போறா?" என்று சொல்லிக்கொண்டே எழுந்தார். லோகேஸ்வரி அவருடைய கைப்பையை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தாள்.

வெளியே வெயில் கொளுத்தியது. மாமரத்தடியில் கோகிலவாணி முதுகைக் காட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்தாள். அது கிளம்புவதாக இல்லை. பக்கத்தில் நின்ற அம்மாவிடம் அவள் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை போலிருக்கிறது. அந்த அம்மாள் முகமெல்லாம் சிரிப்பாக ஓடிவந்தாள்.

அந்த வேகாத வெயிலிலும் அவள் கழுத்தைச் சுற்றி ஒரு துண்டு. ஓடிவந்ததில் அது ஒரு பக்கம் நழுவியிருந்தது. கீழே தோல் வெந்து சுருங்கிக் கிடந்தது.

ஆச்சியின் கால் நின்றுவிட்டது.

அந்த அம்மாளோ ஆச்சியைத் தாண்டிப் போய் லோகேஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ, நீங்களா தாயி! நாந்தான் பஞ்சாலை, ஞாபகம் இருக்கா? ஆச்சி, இந்தப் பொண்ணு ரெண்டு வருசத்துக்கு முந்தி படிப்புக்குப் பயிற்சின்னு எங்க லயத்து வீட்டுக்கு வந்துச்சு. எம்மவ அப்ப ஆஸ்டல்ல இருந்தா. பெத்த தாய்கிட்டகூட நான் வாயத் தொறந்ததில்ல, இதுகிட்டத்தான் எல்லாத்தையும் கொட்டுனேன். ஒக்காந்து கூடவே அழுதுச்சு ஆச்சி!"

லோகேஸ்வரி கையை உருவப் பார்த்தாள். பஞ்சாலை விடவில்லை.

"'சொல்ல வேண்டிய எடத்துல சொல்றேம்மா, ஒரு பொண்ணு படிப்புக்கு நிச்சயம் வழி பொறக்கும்'னு அன்னைக்கே சொன்னீங்களே தாயி... சொல்லிட்டீங்கதானே?"