தலைவர் படம்

ஊராட்சித் தலைவராக ஜெயித்தது செல்லக்கனி. ஆனால் வெற்றிச் சுவரொட்டி முழுக்க அவள் கணவன் தங்கராசுவின் முகம்தான் இருந்தது. மூலையில், தபால்தலை அளவுக்கு அவள்.

மறுநாள் மகள் இசைவாணி, மலிவாக வாங்கிய ஃபிளாஷைக் கேமராவிலிருந்து தள்ளி ஒரு ஸ்டூலில் வைத்தாள். வெளிச்சம் முகத்தில் அறையாமலிருக்க, அதன் முன்னால் அப்பாவின் வெள்ளை வேட்டியைக் கொடியில் தொங்கவிட்டாள். செல்லக்கனி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

தங்கராசு வந்து வேட்டிக்கும் அவளுக்கும் குறுக்கே நின்றான்.

“எதுக்குடி இன்னொரு போட்டோ? ஊருக்கு என்னயத்தான் தெரியும்.”

“அதுக்குத்தாங்க எடுக்குறோம்” என்றாள் செல்லக்கனி.

ஃபிளாஷ் மின்னியது. இசைவாணி படத்தைப் பார்த்துவிட்டு, “அம்மா, அப்பா நிழல் உன் மேல விழுது” என்றாள்.

தங்கராசு நகரவில்லை. செல்லக்கனி எழுந்து, நாற்காலியை அவனைத் தாண்டி வேட்டிக்கு நேரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“இப்ப எடு.”