கிருமிக்குக் கொக்கி முளைத்த நாள்

"ஐயோ டீச்சர், கம்பளியக் காணோம்!"

பெற்றீசியா போட்ட கூச்சலில் விஞ்ஞானக் கண்காட்சி மண்டபமே திரும்பிப் பார்த்தது. ஹட்டனிலிருந்து வந்த நடுவர் பக்கத்து மேசையில்தான் நின்றார்.

அவர்கள் செய்துகாட்டவிருந்த விளக்கத்தில் கம்பளிதான் குடல் கலம், அதாவது செல். கிருமியாக வீசும் பந்து வந்து ஒட்டியதும், பின்னால் நிற்கும் தோழி ரஸீனா அதை உள்ளே இழுக்க வேண்டும்.

"ரஸீனாவும் இல்லையே," என்றார் இசபெல் டீச்சர்.

"அவதான் தூக்கிட்டுப் போயிருப்பா! விளக்கிப் பேச என்னைய விட்டீங்கல்ல, பொறாம!"

தேயிலைக் கொழுந்தெடுக்கும் அம்மா மழைக்குத் தலையில் போட்டுக்கொள்வது; பெற்றீசியா கெஞ்சி வாங்கிய கம்பளி. "எனக்கு இன்னொண்ணு இருக்கு, கொண்டு போ" என்று அம்மா சிரித்துக்கொண்டே கொடுத்தது.

நடுவர் வந்தே விட்டார்.

"நானே கலமா நிக்கிறேன், நீ வீசு!" ஸ்வெட்டரை இழுத்து விட்டுக்கொண்டு டீச்சர் முன்னால் வந்தார்.

பெற்றீசியா வெறும் பிங்பொங் பந்தை வீசினாள். ஸ்வெட்டரில் பட்டு உருண்டோடியது.

"இது ஒண்ணுஞ் செய்யாத கிருமிங்க சேர். ஒட்டவும் தெரியாது, உள்ள போகவும் தெரியாது. இப்பப் பாருங்க! நோய்க் கிருமியோட ஒரே ஒரு ஜீன எடுத்து இதுக்குக் குடுக்கிறோம். அந்த ஜீன் கிருமி மேல கொக்கி மாதிரி ஒரு புரதத்த முளைக்க வைக்குது."

நாயுருவி விதைகள் ஒட்டிய பந்தை வீசினாள். பச்சக்கென்று பிடித்துக்கொண்டது! டீச்சர் ஸ்வெட்டரைச் சுருட்டிப் பந்தை அப்படியே அதற்குள் மூடிக்கொண்டார்.

"கிருமி கதவ ஒடைக்கல சேர். கொக்கி பட்டதும் கலமே உள்ள இழுத்துக்குது!"

நடுவரே கைதட்டினார். முதற் பரிசு! பெற்றீசியாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

அப்போதுதான் ரஸீனா சொட்டச் சொட்ட நனைந்து ஓடிவந்தாள்.

"பரிசு கெடச்சிருச்சா? சொல்லுடி, கெடச்சிருச்சா?"

"கேக்க வெக்கமா இல்ல? கம்பளி எங்க?"

ரஸீனா ஜன்னலுக்கு வெளியே கை காட்டினாள். எதிர்மலையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"ஒங்கம்மா உரச்சாக்கத் தலையில போட்டுக்கிட்டு நனைஞ்சாங்க. அவங்களுக்கு வேற கம்பளி ஏதுடி? கொண்டு போய்க் குடுத்தா, 'எம்புள்ளைக்குப் பரிசு கெடைக்கணும், திருப்பிக் கொண்டு போ'ன்னு வெரட்டுறாங்க..."

மூச்சு வாங்கினாள்.

"பரிசு அப்பவே கெடச்சிருச்சுன்னு பொய் சொல்லித்தான் போத்திவிட்டுட்டு வந்தேன்!"