கப்பல்காரரின் சந்தேகம்

"அந்தக் கப்பல்காரனுக்கு இன்னைக்கும் கிளாஸா?"

கேட்டுவிட்டு, டீயை ஊதுவதுபோல் முகத்தைத் தம்ளருக்குள் மறைத்துக்கொண்டான் சூப்பர்வைசர். லிஃப்ட் கம்பெனியில் வேலை. ஊரில் எந்த லிஃப்ட் நடுவழியில் நின்றாலும் இவனுக்குத்தான் போன் வரும். இவன் வீட்டில் பேச்சு நடுவழியில் நின்று வருஷக்கணக்காகிறது. அதைச் சரிசெய்யத்தான் ஆள் இல்லை.

"ஆமாங்க, பத்து மணிக்கு. இன்னைக்கு அவருக்கு மட்டும் தனி கிளாஸ்," என்றாள் மனைவி. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் ஸ்பானிஷ் சொல்லித் தருகிறவள். "கப்பல்காரர்னு மரியாதையா சொல்லுங்க. வயசுல பெரியவர் போல இருக்கு. குரல் அவ்வளவு கட்டை."

"மூஞ்சியைக் காட்டவே மாட்டானாமே?"

"நடுக்கடல்ல சிக்னல் கிடைக்கிறதே பெரிசு. கேமராவைப் போட்டா லைன் கட்டாயிடுமாம். பின்னாடி எந்நேரமும் எஞ்சின் சத்தம் வேற. அதுலயும் உக்காந்து படிக்கிறார் பாருங்க, பாவம்!"

பாவமாம்! அவனும்தான் போன மாதம் இடுப்புப் பிடித்துப் படுத்துக் கிடந்தானே, அப்போது ஒரு 'பாவம்' வந்ததா? 'தைலம் அலமாரியில இருக்கு' என்பதோடு சரி.

"அப்படி என்னதான் படிச்சுக் கிழிக்கிறான்?"

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "நேத்து 'டேக்', அதான் 'எடு', நடத்தினேன். இங்கிலீஷ்ல அந்த ஒரு வார்த்தையை வெச்சே காலத்தை ஓட்டிடலாம். ஸ்பானிஷ்ல அந்தப் பருப்பு வேகாது. மாத்திரை சாப்பிட, பஸ் பிடிக்க 'தோமார்'. குடையை எடுத்துட்டுப் போக 'யெவார்'. போட்டோ எடுக்க 'சகார்'. நேரம் எடுக்குதுன்னா 'தர்தார்'. மத்தவங்க எல்லாத்துக்கும் ஒரே 'தோமாரை'ப் போட்டுட்டுப் போயிட்டே இருப்பாங்க. இவர் மட்டும் நிறுத்தி நிதானமா, 'டீச்சர், பொண்டாட்டியைக் கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போறதுக்கு எது?'ன்னு கேட்டார்."

"நீயும் உடனே 'யெவார்'னு சொல்லி விழுந்து விழுந்து சிரிச்சியாக்கும்."

"நான் சிரிச்சது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இப்பவே வாயெல்லாம் பல்லா இருக்கே, அப்ப மட்டும் சும்மாவா இருந்திருப்பே?" என்று சமாளித்தான்.

அந்தச் சிரிப்பை அவன் தன் காதாலேயே கேட்டிருக்கிறான். கல்யாணமான புதிதில் அவனிடம் சிரித்த அதே சிரிப்பு. இப்போதெல்லாம் அவள் அவனிடம் பேசுவது கேஸ் தீர்ந்தது, குழாய் ஒழுகுது, கரண்ட் பில் வந்தது, அவ்வளவுதான். அவனும் 'ம்' கொட்டுவதோடு சரி. அவனுக்குச் சேர வேண்டிய சிரிப்பெல்லாம் கப்பலேறிவிட்டது.

"ஏன், நான்கூட ஸ்பானிஷ் கத்துக்கலாமே," என்று மெல்ல இழுத்தான்.

"நீங்களா? உங்களுக்கு எங்கேங்க நேரம்!" என்றாள். "கடல்ல கிடந்தாலும் பொண்டாட்டியைக் கூட்டிட்டுப் போகணும்னு நினைக்கிறாரே மனுஷன். அவர் பொண்டாட்டி கொடுத்து வெச்சவ."

இது போதாதா? தம்ளரை டொக்கென்று மேஜையில் வைத்தான். "இத பாரு, எனக்கு அந்த ஆளைப் பிடிக்கலை. கப்பல்ல இருக்கானோ, எங்கே இருக்கானோ, யாரு கண்டா? கிளாஸை நிறுத்திடு."

அவள் கோபப்படவே இல்லை. "சரி, இன்னைக்கே நிறுத்திடறேன். 'எங்க வீட்டுக்காரருக்குப் பிடிக்கலை'ன்னு சொல்லிடறேன்."

அவன் முகம் தொங்கிப்போனது. "இல்ல... அதாவது... படிப்பைப் பாதியில நிறுத்தினா பாவம். நடக்கட்டும், நடக்கட்டும்."

"நீங்களாச்சு, உங்க மனசாச்சு."

மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான்.

பத்து மணிக்குச் சற்று முன்னால், ஓர் உயரமான கட்டிடத்தின் மொட்டைமாடியில் இருந்தான். லிஃப்ட் மோட்டார் அறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டான். மோட்டார் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தான். செல்போனில் கேமராவை அணைத்தான். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, தொண்டையைக் கனைத்து, குரலைக் கட்டையாக்கினான்.

"குட் மார்னிங் டீச்சர். கப்பல்காரன் பேசறேன்."

கிளாஸில் எவனாவது அவளிடம் பல்லிளிக்கிறானா என்று வேவு பார்க்கத்தான் இப்படிச் சேர்ந்தான். அப்படி எவனும் இல்லை. ஆனால் இந்தப் பாழாய்ப்போன கப்பல்காரன் அவள் மனசைப் பிடித்துவிட்டான். இவனை எப்படி ஜெயிப்பது என்றுதான் தெரியவில்லை.

"குட் மார்னிங். இன்னைக்கும் 'டேக்'தான்," என்றாள் டீச்சர். "ஒரு வாக்கியம் சொல்றேன், எந்தச் சொல் வரும்னு சொல்லுங்க. 'எங்க வீட்டுக்காரர் கோவிச்சுக்கிட்டு டிபன் பாக்ஸை எடுத்துட்டுப் போகலை.'"

"'யெவார்', டீச்சர்." கட்டைக்குரல் லேசாக ஆட்டம் கண்டது.

"கரெக்ட். சாயங்காலம் என்னைக் கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போறதுக்கும் அதேதான்," என்று சிரித்தாள் அவள், அதே சிரிப்பு. "அதுக்கு முன்னாடி, மத்தியானம் கப்பலை நம்ம தெருப் பக்கம் திருப்புங்க. டிபன் பாக்ஸ் மேஜை மேலயே இருக்கு."