மூலைக்கு ஒன்றாக

மிளகாய்த் தொட்டிகளுக்கு உரம் போட்டுப் பார்த்தார் தோட்டக்காரர். "ஒண்ணு தழைச்சுது, ஒண்ணு கருகிச்சு. சராசரியா பார்த்தா பிரயோஜனமில்ல" என்று உரப்பையைக் கொட்டகை மூலையில் போட்டார். தண்ணீர் ஊற்றிப் பார்த்த பூவாளிக்கும் அதே தீர்ப்பு. அது எதிர் மூலைக்குப் போனது.

பேச ஆளில்லாமல் கிடந்த பை ஒருநாள் கேட்டது: "நீ தண்ணி ஊத்தினதுல எதுவாவது தழைச்சுதா?"

"கிணத்தோரத் தொட்டி மட்டும். இன்னொண்ணு வெளிறிப்போச்சு. அதுக்கு உரமே கிடையாது."

"நான் கருக்கினதுக்குத் தண்ணியே கிடையாது. தழைச்சது அதே கிணத்தோரத் தொட்டிதான்!"

பூவாளி மெல்லக் கேட்டது: "அப்போ அன்னிக்கு அங்க நாம ரெண்டு பேரும் இருந்தோமா?"

கதவு திறந்தது. "இந்தத் தடவை ஒவ்வொண்ணா பார்ப்போம்" என்றபடி தோட்டக்காரர் பூவாளியை மட்டும் எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினார்.