பழைய மாதிரியே

"உங்க வீட்டுக்காரர் இந்தப் போன்ல செய்யக் கூடாத வேலை செஞ்சு வச்சிருக்காரு மேடம்" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னாள் சர்வீஸ் சென்டர் பெண்.

கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்ற மனைவி சட்டென்று திரும்பிப் பார்த்தாள். ஐம்பதைத் தொடாத கணவர், தேய்த்த சட்டையும் வாரிய தலையுமாகச் சுவரோர நாற்காலியில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தார்.

"எனக்குத் தெரிஞ்சுதான் செஞ்சாரு" என்றாள்.

"வாரண்டி போயிடும்னும் தெரியுமா? கம்பெனி போட்ட பூட்டைத் திறந்து, சாப்ட்வேர்லயே கை வச்சிருக்காரு. வாங்கி ஒன்பது மாசம்தான் ஆகுது. டிஸ்ப்ளே தானா செத்துப் போயிருக்கு, அது எங்க தப்பு. ஆனா இப்படிக் கை வச்ச போனைக் கம்பெனி தொடவே தொடாது."

சொல்லிவிட்டு, அடக்க முடியாமல் அந்தப் பெண்ணே சிரித்துவிட்டாள்.

"உள்ள வேற டிஸ்ப்ளே மாட்டி ஆன் பண்ணிப் பார்த்தேன். எங்க கம்பெனி சின்னம் வர வேண்டிய இடத்துல உங்க போட்டோ வருது! அடியில அவரு கையெழுத்துல 'இவள்தான்'னு வேற. இதுக்காகவா மேடம் வாரண்டியைக் காவு குடுத்தாரு? எங்க வீட்டுக்காரர் போன்ல என் நம்பரே 'வீடு'ன்னுதான் இருக்கு. நான் என்ன, செங்கல்லா சிமெண்டா?"

மனைவியும் சிரித்துவிட்டாள். நேற்றுக் காலை அந்த டிஸ்ப்ளே இருண்டதிலிருந்து அவள் சிரிப்பது அதுதான் முதல் தடவை.

"கம்ப்யூட்டர் வேலையில இருந்தவரு. வேலையை விட்ட கையோட பத்து நாள் உக்காந்து செஞ்சாரு. சாப்பிடக்கூட எழுந்திருக்கல."

அதற்குள் கணவரே எழுந்து வந்தார். ஓரத்தில் இருந்த கேனிலிருந்து காகிதக் கோப்பையில் தண்ணீர் பிடித்து, சிந்தாமல் இரண்டு கையாலும் நீட்டினார்.

"ரொம்ப நேரமா நிக்கிறீங்களே. கொஞ்சம் உக்காருங்க, கால் வலிக்கும்."

அவர் நாற்காலிக்குத் திரும்பியதும் சர்வீஸ் பெண் கவுண்டர்மேல் சாய்ந்தாள். "கட்டின பொண்டாட்டிய நீங்க, வாங்கன்னு கூப்பிடற மனுஷனை இப்பத்தான் மேடம் நேர்ல பாக்கறேன். எனக்கெல்லாம் 'ஏய்'தான். குடுத்து வச்சவங்க நீங்க."

மனைவி கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீரைக் குடிக்கவில்லை.

"வாரண்டி போனா போகட்டும்மா. என்ன செலவானாலும் பரவால்ல. இன்னிக்கே எனக்குப் பழைய மாதிரியே ஆக்கிக் குடுத்துடுங்க. அது போதும்."

"பழைய மாதிரியேவா?"

"பழைய மாதிரியே."

அந்தக் கடையில் பழைய மாதிரி என்றால் ஒரே அர்த்தம்தான். பெட்டியைப் பிரித்தபோது இருந்த மாதிரி. சர்வீஸ் பெண்ணுக்கு மனசு கேட்கவில்லை. இவ்வளவு ஆசையான புருஷன், அந்த ஆசையாலேயே தண்டம் அழுவதா? கம்பெனி சாப்ட்வேரையே மறுபடி ஏற்றி, பூட்டையும் போட்டுவிட்டால் வாரண்டி பிழைத்துக்கொள்ளும். போட்டோவுக்கு என்ன, படித்த மனுஷர், இன்னொரு தடவை வைத்துக்கொள்வார்.

போனோடு கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் போனாள். பக்கத்து மேஜைக்காரன், "உனக்கு எதுக்கு இந்த ஊர் வம்பு?" என்றான். "நீ உன் ஸ்க்ரூவை முடுக்கு" என்றாள். கேலரியில் இருந்ததையெல்லாம் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்கினாள்.

முக்கால் மணி நேரம் கழித்து, பரீட்சையில் தேறிய பிள்ளை மாதிரி வெளியே வந்தாள்.

"மேடம், வாரண்டி தப்பிச்சிடுச்சு! நீங்க சொன்ன மாதிரியே பண்ணிட்டேன். யாரும் கை வச்ச சுவடே இல்ல. டிஸ்ப்ளே புதுசு, பைசா செலவில்ல."

மனைவி ஓடி வந்து போனை வாங்கி ஆன் செய்தாள். கறுப்புத் திரையில் கம்பெனி சின்னம் நீலமாக எழுந்து, பளபளத்து, மறைந்தது.

"போட்டோ எங்கம்மா?"

"கேலரியில எல்லாம் அப்படியே இருக்கு மேடம். ஆன் பண்ணும்போது வருமே, அது மட்டும் போயிடும். அது இருந்தாத்தான் வாரண்டி கிடையாதே."

"அந்தக் கையெழுத்து?"

"அதுவும்தான்" என்ற பெண்ணின் குரல் இறங்கியது. "ஏன் மேடம், சார் மறுபடி எழுத மாட்டாரா?"

மனைவி நாற்காலியில் இருந்த கணவரைத் திரும்பிப் பார்த்தாள்.

கணவர் மெல்ல வந்து அவள் கையிலிருந்த போனை எடுத்துக்கொண்டார். அணைத்தார். ஆன் செய்தார். நீலச் சின்னம் வந்தது. யாரோ வரவேண்டிய வாசலைப் பார்ப்பதுபோலத் திரையையே பார்த்து நின்றார். மறுபடி அணைத்தார். மறுபடி ஆன் செய்தார். மூன்றாவது முறையும் சின்னமே வந்ததும் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த மனைவியிடம் இதமாகச் சொன்னார்:

"உங்களுக்கு நேத்திலேருந்து ரொம்ப சிரமம் குடுத்துட்டேன். நீங்க கிளம்புங்க, என் மனைவி வந்து என்னைக் கூட்டிட்டுப் போயிடுவா."