இரண்டாம் பிரதி

"பெருமதிப்பிற்குரிய பழந்தொலைக்காட்சித் துப்பறியும் தொடர் ஒலிப்பதிவுச் சேகரிப்பாளர் சங்கத்தின் உறுப்பினர்களே, இன்று மாலையோடு தொலைக்காட்சி வரலாறு இரண்டாகப் பிரிகிறது. இந்தப் பிரதிக்கு முன், இந்தப் பிரதிக்குப் பின்."

அலமாரிக் கண்ணாடியைப் பார்த்து முழங்கினார் சங்கத் தலைவர்.

"பிரியட்டும். அதுக்கு முன்னாடி நாற்காலியெல்லாம் பிரிச்சுப் போடுங்க," என்றாள் மனைவி, சமையலறையிலிருந்து. அந்த வீட்டில் எதையும் உரக்கத்தான் சொல்ல வேண்டும். தலைவர் காது கொடுத்துக் கேட்பது டேப்புகளை மட்டும்தான்.

ஒரு காலத்தில் வெள்ளிக்கிழமை மாலைகளில் ஒரு துப்பறியும் தொடர் வந்தது. ஊரே பார்த்தது. தலைவர் பார்க்கவில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அவருக்கு வெள்ளி தவறாமல் மாலை ஷிஃப்ட். பிறகு நிலையத்தார் அந்தத் தொடரை அழித்து, அதன்மேல் விவசாய நிகழ்ச்சியைப் பதிந்துவிட்டார்கள். மிஞ்சியவை, டி.வி. முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்து ரசிகர்கள் பதிந்துகொண்ட ஒலிகள் மட்டுமே. பார்க்காமல் விட்டதையெல்லாம் கேட்டே தீர்ப்பது என்று ஓய்வு பெற்ற மறுநாளே கிளம்பிவிட்டார் தலைவர்.

கடைசிப் பகுதிக்கு இதுவரை ஒரே ஒரு பிரதிதான். போன வாரம் அடுத்த தெருப் பல் டாக்டர் வீடு மாற்றினார். அவருடைய அக்கா மகள் பரணைக் காலி செய்து, ஒரு பெட்டி நிறைய டேப்பைத் தலைவர் தலையில் கட்டினாள். அதில் கிடைத்தது இரண்டாம் பிரதி.

இரண்டு ரெக்கார்டர்களை அருகருகே வைத்து, டைட்டில் இசையிலிருந்து ஒன்றாக ஓடவிட்டார். ஒன்று முந்தினால் அதை நிறுத்திப் பிடித்து, மற்றது வந்து சேர்ந்ததும் விட்டார். இப்படி ஒரு வாரம். கிடைத்தது புதையல்.

"நீ அப்ப வீட்லதானே இருந்தே. தொடரைப் பார்த்திருப்பியே. கடைசிப் பகுதியில ஒரு பொம்பளை கிசுகிசுன்னு பேசுவாளா?"

"எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லை. டாக்டரும் வர்றாரா?"

"வராம? அவர்தானே இன்னைக்கு சிறப்பு விருந்தினர்."

"கூட்டத்தை வேற எங்கயாவது வெச்சுக்கக் கூடாதா?"

"ஏன், நம்ம கூடத்துக்கு என்ன குறைச்சல்?"

மாலையில் உறுப்பினர்கள் வந்தார்கள். தலைவர் பதவியின் மேல் நெடுநாளாகக் கண் வைத்திருந்த இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் முதல் வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். இன்று தலைவர் சறுக்கினால் அடுத்த தலைவர் அவர்தான். இது அவருக்கும் தெரியும், தலைவருக்கும் தெரியும்.

"என்ன தலைவரே, துப்பறியறவர் வீட்ல கடிகாரம் நிக்கலாமா?" என்று சுவரைக் காட்டிச் சிரித்தார் ஏஜெண்ட்.

தலைவருக்கு மானம் போயிற்று. மாமனார் கல்யாணத்துக்குக் கொடுத்த கடிகாரம். ஒரு வாரமாக ஏனோ ஓடவில்லை.

"அது ரிப்பேர். தொடாதீங்க," என்றாள் மனைவி, தேநீர்த் தட்டோடு வந்து.

"ரிப்பேராவது. சாவி கொடுக்கலை, அவ்வளவுதான்." தலைவர் நாற்காலியில் ஏறிச் சாவி கொடுத்து, நேரத்தைத் திருத்திவிட்டு இறங்கினார். கடிகாரம் சமர்த்தாக ஓடியது. மனைவி தேநீர்த் தட்டை ஏஜெண்டின் மடியில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

பிறகு வரலாற்றைப் பிரிக்கிற வேலை தொடங்கியது. முகவுரை முக்கால் மணி நேரம். அதன் பின் டேப்பை ஓடவிட்டார்.

துப்பறிவாளர் பிணத்தின் பக்கத்தில் தனியாக நிற்கும் காட்சி. முதல் பிரதியில் அங்கே வெறும் வயலின். இரண்டாம் பிரதியில் வயலினோடு ஒரு கிசுகிசுப்பு:

"சீக்கிரம் கிளம்புங்க. அவர் வர்ற நேரமாச்சு."

ஓர் ஆண் குரலும் கிசுகிசுத்தது: "கொலைகாரன் யாருன்னு தெரியாமயா போறது?"

உடனே ஒரு கடிகாரம். கரகரவென்று தொண்டையைச் செருமியது. ஒன்று அடித்தது. யோசித்தது. பிறகு மிச்சத்தை அவசரமாக அடித்து முடித்தது.

தலைவர் டேப்பை நிறுத்தினார். "கேட்டீங்களா? இதுவரைக்கும் யாருக்கும் தெரியாத ரெண்டு பாத்திரங்கள். தொடருக்கு இன்னொரு முடிவு இருந்திருக்கு."

"பதிஞ்ச வீட்டுச் சத்தமா இருக்கலாமே," என்றார் ஏஜெண்ட். "என் டேப்புல என் மாமியார் இருமறது கூடத்தான் இருக்கு. அதுக்காக அவங்க நடிகையா?"

சபை சிரித்தது. தலைவர் இதற்காகத்தான் காத்திருந்தார்.

"டாக்டர், நீங்க கல்யாணம் ஆகாதவர்தானே?"

பல் டாக்டர் கைக்குட்டையை எடுத்தார். "ஆமா."

"அந்தக் காலத்துல உங்க வீட்ல பெண்கள் யாராவது?"

"சேச்சே."

"மணி அடிக்கிற கடிகாரம்?"

"கிடையாது."

"அப்ப இது எப்படி உங்க வீட்டுச் சத்தமா இருக்க முடியும்?"

டாக்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஏஜெண்ட் கால்மேல் போட்ட காலை இறக்கினார். கைதட்டல் எழுந்தது. சமையலறையில் ஏதோ கீழே விழுந்தது.

தலைவர் குரலைத் தாழ்த்தினார். "உறுப்பினர்களே, எல்லா மர்மமும் அந்தக் கடிகாரத்தில் இருக்கிறது. அது எந்த வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறதோ, அந்த வீட்டில்தான் குற்றம் நடந்திருக்கிறது."

அவர் தலைக்கு மேல் கரகரவென்று தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. ஒன்று அடித்தது. யோசித்தது. பிறகு மிச்சத்தை அவசரமாக அடித்து முடித்தது.

ஏஜெண்ட் கடிகாரத்தைப் பார்த்தார், டேப்பைப் பார்த்தார், கடைசியாக டாக்டரின் நாற்காலியைப் பார்த்தார். டாக்டர் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

அன்றைய கூட்டத்தில் நன்றியுரை நடைபெறவில்லை.