பன்னிரண்டு மணிக்குள்

வேன் வருவதற்குள் படிவத்தை நாலாவது தடவையாக எடுத்துப் பார்த்தாள்.

பெயர். சேர்க்கை எண். மருத்துவக் கல்லூரியை விட்டு விலகக் காரணம்.

காரணத்துக்கு இரண்டே வரி விட்டிருந்தார்கள். அவளிடம் இருந்ததற்கு ஒரு குயர் நோட்டு வேண்டும்.

‘சொந்தக் காரணம்’ என்று மட்டும் எழுதியிருந்தாள்.

விலகுகிறவர்களுக்கு இன்றுதான் கடைசி நாள். சனிக்கிழமை. அலுவலகம் பன்னிரண்டு மணிக்கு மூடிவிடும். விட்டால் வருஷம் முழுக்க இங்கேதான்.

இப்போது ஒன்பதரை.

கரீபியன் கடலில் அது ஒரு பொட்டுத் தீவு. வடகோடியில் ஒருவர் தும்மினால் தென்கோடியில் ‘தீர்க்காயுசு’ என்பார்கள். அவ்வளவு நெருக்கம்.

அவள் நாலு மாதமாகத் தும்மிக்கொண்டிருந்தாள்.

ஒரு ஆள் திரும்பவில்லை.

கடையில் ரொட்டி கேட்டால், கடைக்கார அம்மாள் அவளைத் தாண்டிப் பின்னால் நிற்பவரைப் பார்ப்பார். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொன்னால், வீட்டுக்காரர் வானத்தைப் பார்ப்பார். வகுப்பில் முந்நூறு பேர். முந்நூறு பேரும் பரீட்சைக்குப் பயந்து புத்தகத்துக்குள் தனிக்குடித்தனம் போயிருந்தார்கள்.

தெருநாய்கள் ஒன்றையொன்று முகர்ந்து குசலம் விசாரித்தன. அவளை மட்டும் சுற்றிக்கொண்டு போயின.

சென்னை விமான நிலையத்தில் அப்பா சொன்ன புத்திமதி ஒன்றே ஒன்று. அதைப் பதினேழு தடவை சொன்னார்.

“முன்னபின்ன தெரியாதவங்ககிட்ட பேச்சு வச்சுக்காத பாப்பா. போனோமா, வந்தோமான்னு இரு.”

அப்படியே இருந்தாள்.

அதற்குத் தோதான ஊர்தான். வேனிலிருந்து இறங்கக்கூட வாயைத் திறக்க வேண்டாம். வண்டியின் பக்கத் தகரத்தை இரண்டு தட்டு தட்டினால் நிறுத்திவிடுவார்கள்.

போன வாரம் குளியலறையில் அவளுக்கு விக்கல் வந்தது. உள்ளே வேறு யாரோ இருக்கிறார்கள் என்று வெளியே ஓடிவந்துவிட்டாள்.

முதலில் பாட்டு வந்தது. அதன் பின்னால் வேன் வந்தது.

பத்துப் பேர் உட்காரும் வண்டி. உள்ளே ஓட்டுநரோடு சேர்த்துப் பதினாலு பேர். ஒரு மூட்டை சேப்பங்கிழங்கு. யார் மடியிலோ ஒரு சேவல்.

குனிந்தபடி ஏறினாள். தொப்பி போட்ட ஒரு அம்மாளின் பக்கத்தில் அரை ஆள் இடம். மீதி அரையில் கிழங்கு மூட்டை.

“இந்த மூட்டையைக் கொஞ்சம் நகர்த்திக்கிறீங்களா, ப்ளீஸ்?”

ஓட்டுநர் பாட்டைக் குறைத்தார். சேவல் கழுத்தை நீட்டியது.

தொப்பி அம்மாள் நிதானமாகத் திரும்பினார்.

“ஏம்மா, ராத்திரி நீயும் நானும் ஒரே வீட்லயா படுத்திருந்தோம்?”

“இல்லையே.”

“ஒண்ணாத் தூங்கி எழுந்தவங்கதான் குட்மார்னிங் சொல்லாம பேச்சை ஆரம்பிப்பாங்க. நாலு மாசமா பார்க்கிறேன். ஏறுற, உட்கார்ற, தட்டுற, போற. நாங்க என்ன, வண்டியோட வந்த சீட்டா?”

பின்னால் யாரோ சிரித்தார்கள். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. அவர் முகத்தில் கோபமும் இல்லை. மனத்தாங்கல்தான் இருந்தது.

ரொட்டிக் கடை. தண்ணீர்க் குழாய். தான் ஏறியதும் அடங்கிப்போகும் இந்த வேன்.

யார் யார் முகத்தைத் திருப்பினார்கள் என்று நாலு மாதமாகக் கணக்கு வைத்திருந்தாள். முதலில் திருப்பியது யார் என்பது அதில் இல்லை.

தொண்டையைச் செருமினாள். துரு கொஞ்சம் உதிர்ந்தது.

“குட்மார்னிங்.”

பாதி மூட்டைக்குள் போய்விட்டது.

பதினாலு பேரும் பதில் சொன்னார்கள்.

ஓட்டுநர் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார். பின்சீட்டுக் கிழவர் எழுந்து நின்று, கூரையில் தலையை இடித்துக்கொண்டு சொன்னார். சேவலும் சொன்னது, எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அணைக்கலாம். வேன் தரையிலிருந்து ஒரு சாண் எழும்பி உட்கார்ந்தது.

“நான் மிஸ் எர்மின்,” என்று அந்த அம்மாள் மூட்டையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். “இப்ப நல்லா உட்காரு.”

கல்லூரி வாசலில் தகரத்தைத் தட்டி இறங்கினாள்.

அலுவலகம் திறந்திருந்தது. உள்ளே மின்விசிறி சுற்றியது. யாரும் வரிசையில் இல்லை.

மணி பத்து.

சாலையைக் கடந்தாள். எதிர்ப்பக்கம் நின்றாள். ஊருக்குள் திரும்பும் வேன் வந்தது.

“குட்மார்னிங்.”

ஒன்பது பேர்.

சந்தை முக்கில் இறங்கி அடுத்த வேனைப் பிடித்தாள். பதினொரு பேர். ஒரு கைக்குழந்தையின் கையைப் பிடித்து அதன் அம்மா ஆட்டினாள்.

மறுபடி கல்லூரி. மறுபடி சாலையைக் கடந்தாள். இந்தத் தடவை ஓட்டுநரும் ஒரு பாதிரியாரும் மட்டும். ஆனால் பாதிரியாருக்கு ஆறு பேர் தொண்டை.

அடுத்ததில் ஒருவர் எந்த ஊர் என்று கேட்டார். விருத்தாசலம் என்றாள். சந்தை வரைக்கும் வேன் மொத்தமும் அதைச் சொல்லிப் பழகியது. ஒருவருக்கும் வரவில்லை. விடவும் இல்லை.

பையில் படிவம் மடிப்புக் கலையாமல் இருந்தது.

வெயில் உச்சிக்கு ஏறியது. அடுத்த வேன் வந்தது. படியில் கால் வைத்தவள் ஒரு நொடி நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டாள்.

“குட் ஆஃப்டர்நூன்,” என்றாள்.